நூறு பேரிடம் கேட்டோம்: ஃபமிலி ஃபியூட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள், திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு விளையாட்டு நடத்தினோம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வரும் ஃபமிலி ஃபியூட் நிகழ்ச்சியைப் பார்த்து அதே மாதிரிச் செய்தது. அன்றிலிருந்து கோயிலுக்குப் போனாலும் கேள்வி, மீன் வாங்கப் போனாலும் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் உளைகிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் இனிக் கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டிவிட்டு நான் மீனைப் பார்த்து வாங்கலாம்.

அது என்ன நிகழ்ச்சி? நான் பார்த்ததே இல்லையே.

பார்த்திருப்பீர்கள். மொட்டைத் தலை, பெரிய மீசை, கண்ணைக் குத்தும் நிறத்தில் கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர், யாரோ சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கும் வீடியோத் துண்டு உங்கள் ஃபோனுக்கும் வந்திருக்கும். அவர் ஸ்டீவ் ஹார்வி. மேடையில் தனியாக நின்று பகிடி சொல்லிப் பேர் வாங்கிய ஆள். 2010 முதல் அவர்தான் நடத்துகிறார்.

நிகழ்ச்சி அவரை விட மிகப் பழையது. 1976 ஜூலை 12இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. இடையில் இரண்டு தடவை நின்று, மறுபடி எழும்பி, இன்னும் ஓடுகிறது. முதல் நடத்துநர் ரிச்சர்ட் டோசன்.

விளையாட்டு இதுதான். பக்கத்துக்கு ஐந்து பேராக இரண்டு குடும்பங்கள். ஒரு கேள்வியை முன்கூட்டியே நூறு பேரிடம் கேட்டு, அதிகம் பேர் சொன்ன பதில்களைப் பலகையில் மூடி வைத்திருப்பார்கள். அந்தப் பதில்களை ஊகித்துச் சொல்லவேண்டும். பலகையில் இல்லாததைச் சொன்னால் ஒரு புள்ளடி. தேர்தலில் புள்ளடி விழுந்தால் வெற்றி, இங்கே மூன்று விழுந்தால் வாய்ப்பு மற்றக் குடும்பத்துக்குப் போய்விடும். அவர்கள் ஒரே ஒரு பதில் சொல்லலாம். அது பலகையில் இருந்தால் இவ்வளவு நேரமும் இவர்கள் வியர்வை சிந்திச் சேர்த்த புள்ளிகள் எல்லாம் அவர்களுக்கு. கடைசியில் வென்ற குடும்பத்திலிருந்து இரண்டு பேர் விரைவுச் சுற்று விளையாடுவார்கள். ஐந்து கேள்விகள், முதலாமவருக்கு 20 செக்கன், இரண்டாமவருக்கு 25 செக்கன். இருவரும் சேர்ந்து 200 புள்ளி எடுத்தால் 20,000 டொலர்.

சரியான பதில் சொன்னவருக்கும் புள்ளடி விழுகிறதே, இது அநியாயம் இல்லையா?

மிக அதிகம் பேர் கேட்டது இதுதான். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இதற்காக என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய கோடீஸ்வரன் நினைவிருக்கிறதா? அங்கே அவுஸ்திரேலியாவின் தலைநகரம் கன்பரா. உலகமே சேர்ந்து சிட்னி என்று கத்தினாலும் கன்பராதான். இங்கே அந்தக் கேள்வியை நூறு பேரிடம் கேட்டு, அவர்களில் முக்கால்வாசிப் பேர் சிட்னி என்று சொல்லியிருந்தால் சிட்னிக்குத்தான் புள்ளி. கன்பரா என்று சொன்ன மாஸ்டருக்குப் புள்ளடி. உங்களுக்கு என்ன தெரியும் என்று இந்த விளையாட்டுக் கேட்பதில்லை. மற்ற ஆக்களின் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்றுதான் கேட்கிறது. அதனால்தான் படித்தவர் தோற்கிறார், சந்தியில் நின்று ஊர்க்கதை கேட்கிறவர் வெல்கிறார்.

எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். கேள்வி: "ரோட்டில் குறுக்கே வந்து நிற்கும் மிருகம் ஒன்று சொல்லுங்கோ." எங்கள் அணியில் ஐந்தாவது ஆள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி. பால்மா ரின்னில் சாய்த்து வைத்த ஃபோனுக்குள் இருந்து விளையாடினான். இங்கே பின்னேரம் ஆறரை, அவனுக்குக் காலை ஒன்பது மணி, கையில் கோப்பிக் கோப்பை. "மாடு" திறந்தாகிவிட்டது. "நாய்" திறந்தாகிவிட்டது. இரண்டாம் இடம் மட்டும் மூடிக் கிடக்கிறது. அவன் முறை வந்தது. வலு உறுதியாகச் சொன்னான்: "ராக்கூன்."

ஒழுங்கையே அமைதியாகிவிட்டது. பெரியம்மா மெல்ல என்னைக் கேட்டா, "அது என்ன தம்பி, ஏதும் வாகனமா?"

புள்ளடி. மற்ற அணியில் பத்து வயதுப் பெடியன் ஒருவன் "மான்!" என்று கத்தினான், இரண்டாம் இடம் திறந்தது. திருகோணமலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் மட்டுமல்ல, பஸ் நிலையத்தடியிலும் கடற்கரை வீதியிலும் புள்ளிமான்கள் ஆடு மாடு போல நிற்கும். பழத்தோல் போட்டால் பக்கத்தில் வந்து தின்னும், போடாவிட்டால் பையைப் பிடித்து இழுக்கும். ஸ்காபரோத் தம்பியும் இந்த ஊரில் பிறந்தவன்தான். அவனுடைய சின்ன வயதுப் படத்திலேயே பின்னால் ஒரு மான் நிற்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் அவன் வீட்டுக் குப்பைத் தொட்டியை இரவில் வந்து கவிழ்ப்பது ராக்கூன். அவனுக்கு அது சரியான பதில். அவனுடைய தெருவில் கேட்டிருந்தால் முதலாம் இடத்தில்கூட இருந்திருக்கும். நாங்கள் கேட்ட நூறு பேருக்கு அப்படி ஒரு பிராணி இருப்பதே தெரியாது. இதை விளங்கிக்கொண்டால் இந்த நிகழ்ச்சி முழுக்க விளங்கிவிடும்.

உலகத்திலேயே பெரிய பகிடிப் பதில் எது?

என் கணக்கில் "செப்டம்பர்." ரிச்சர்ட் டோசன் காலத்தில் நடந்தது. விரைவுச் சுற்று. கேள்வி: கர்ப்பிணிக்கு வயிறு வெளியில் தெரியத் தொடங்குவது எந்த மாதம்? அந்த மனிசன் ஒரு கணமும் யோசிக்காமல் "செப்டம்பர்" என்றார். டோசனால் அடுத்த கேள்வியை வாசிக்க முடியவில்லை. வாசிக்கத் தொடங்குவார், சிரிப்பு வரும், அடக்குவார், மறுபடியும் வரும். தமிழிலும் "எந்த மாதம்" என்றுதான் கேட்போம். ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று சொல்லவேண்டிய இடத்தில் "ஆவணி" என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? பதிலில் இலக்கணப் பிழை இல்லை. மாதம் கேட்டார்கள், மாதம் சொன்னார்.

இரண்டாவது இங்கிலாந்துக்காரருடையது. ஃபமிலி ஃபியூடின் பிரித்தானிய வடிவம் ஃபமிலி ஃபோர்ச்சூன்ஸ், 1980இல் தொடங்கியது. மக்ஸ் பைகிரேவ்ஸ் நடத்திய காலத்தில் விரைவுச் சுற்றுக்கு வந்த ஒருவர், கடற்கரைக்குக் கொண்டுபோகும் பொருள் என்ன என்று கேட்க "வான்கோழி" என்றார். சுப்பர் மார்க்கெட்டில் முதலில் வாங்குவது? "வான்கோழி." உள்ளே அடைத்துச் சமைக்கும் உணவு? "வான்கோழி." மூன்றாவது பதில் நல்ல பதில். பாவம், அதைச் சொல்லவேண்டிய கேள்வி வரும்வரை அவரால் பொறுத்திருக்க முடியவில்லை. இன்னொன்று, நிலாவெளிக்கு வான் பிடித்து வரும் ஆக்கள் முழுக் கோழிப் புரியாணிச் சட்டியோடு இறங்குவதைப் பார்த்தவன் நான். எங்கள் ஊரில் முதல் பதிலும் அவ்வளவு பிழை இல்லை.

மூன்றாவது ஸ்டீவ் ஹார்வியுடையது. "போர்க்" என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் சொல் ஒன்று சொல்லுங்கள் என்றார். போர்க் என்றால் பன்றியிறைச்சி, அதன் பின்னால் பொரியல், வறுவல் மாதிரி ஏதாவது வரவேண்டும். வந்தவர் மணியை அடித்துச் சொன்னது "கியூபைன்." போர்க் கியூபைன். முள்ளம்பன்றிக்கு ஆங்கிலத்தில் போர்க்கியுபைன். ஸ்டீவ் மேடையை விட்டு நடந்து போனார்.

இது ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் விளையாட்டில் "'பல்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் சொல்?" என்று என் பெறாமகள் கேட்டாள். வலி, வைத்தியர், தூரிகை என்று பலகையில் எழுதி வைத்திருந்தோம். மானைச் சொன்ன அதே பெடியன், மணிக்குப் பதிலாக வைத்த தட்டைத் தட்டிவிட்டுச் சொன்னான்: "லி."

பல்லி.

அவனுக்குப் புள்ளடி போட எனக்கு மனம் வரவில்லை. சட்டம் சட்டம்தான் என்று பெரியம்மா போடவைத்தா.

நல்லாகப் படித்த ஆக்கள் எப்படி இப்படி உளறுகிறார்கள்?

ஒருதரம் நின்று பாருங்கள், தெரியும். எனக்கும் நடந்தது. விரைவுச் சுற்றில் இரண்டாவது ஆளாக நான். அமெரிக்காவில் இரண்டாமவரைத் தனியாகக் கொண்டுபோய், முதலாமவர் சொன்னது கேட்காதபடி காதுக்குக் கருவி மாட்டி வைப்பார்கள். எங்களிடம் அது இல்லை, என்னைக் கிணற்றடியில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வரும்போதே நெஞ்சு படபடக்கிறது. ஒழுங்கையில் தெரிந்த முகங்கள்தான், வென்றால் கிடைப்பது ஒரு தட்டு அலுவா. ஆனாலும் படபடக்கிறது.

"காலையில எழும்பினதும் முதல் செய்யிறது?" என்றாள் பெறாமகள். "நித்திரை," என்றேன். சொல்லும்போதே பிழை என்று தெரியும், ஆனால் வாய் முந்திவிட்டது. "உருண்டையா இருக்கிற சாமான்?" "உருண்டை." "எந்த உருண்டை, சித்தப்பா?" "எள்ளுருண்டை." மணி அடித்தது. மிச்சம் மூன்று கேள்விகள் கேட்கப்படவேயில்லை.

அந்த 25 செக்கனுக்குள் யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. கடைசியாகக் காதில் விழுந்த சொல்லையே வாய் திருப்பிக் கொடுக்கிறது. பக்கத்தில் எங்கோ வான்கோழி ஞாபகம் வந்தால் வான்கோழி தான். இதற்கு மேல் இரண்டாமவருக்கு இன்னொரு தொல்லை, முதலாமவர் சொன்ன பதிலையே சொன்னால் ஒரு சத்தம் வரும், வேறு சொல்லவேண்டும். மனதில் இருந்த ஒரே பதிலும் போய்விட்டால் அப்புறம் வாயில் வருவதுதான் பதில்.

எல்லாம் முன்பே எழுதிக் கொடுத்து நடிக்க வைப்பது என்கிறார்களே?

பதிலை எழுதிக் கொடுப்பது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1950களில் ட்வென்டி வன் என்று ஒரு வினாவிடைப் போட்டி ஓடியது. சார்ள்ஸ் வான் டோரன் என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் கிழமைக்குக் கிழமை வென்று நாட்டுக்கே செல்லப்பிள்ளையானார். கேள்வி பதில் எல்லாம் முன்பே அவருக்குச் சொல்லிக் கொடுத்தவை என்று 1959இல் காங்கிரஸ் விசாரணையில் அவரே ஒத்துக்கொண்டார். அடுத்த வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள். அதனால் போட்டியாளரின் வாயில் பதிலைத் திணிப்பது அவ்வளவு லேசு இல்லை.

ஆனால் கேள்வியை எப்படி எழுதுவது என்பது அவர்கள் கையில்தானே? ஸ்டீவ் ஹார்வி வந்த பிறகு, எப்படியும் யாராவது ஏடாகூடமாகச் சொல்லும்படிதான் கேள்விகள் வருகின்றன. வீட்டுக்குள் களவெடுக்க நுழையும் கள்ளன் பார்க்க விரும்பாதது என்ன என்று கேட்டால், ஒருவர் "உடுப்பில்லாத பாட்டி" என்று சொல்லத்தான் செய்வார். சொன்னார். ஸ்டீவ் நின்ற நிலையை நீங்களே பார்த்திருப்பீர்கள். பதில் தானாக வந்தது, பள்ளம் மட்டும் முன்பே வெட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு டோசன் காலத்துக் கேள்விகள்தான் பிடிக்கும். வெள்ளையான கேள்விக்கு வரும் கோணல் பதிலில் இருக்கும் சிரிப்பு, கோணல் கேள்விக்கு வரும் கோணல் பதிலில் இல்லை.

கீரைக்குப் பதிலாகக் கோழி என்று சொன்ன பெண்ணின் கதை உண்மையா?

உண்மை. 2020 ஜனவரி, கனடா ஃபமிலி ஃபியூட். இரண்டு குடும்பமும் இழுபறியில், கடைசிக் கேள்வி, சரியாகச் சொன்னவர்கள் 10,000 டொலருக்கு விளையாடப் போவார்கள். "பொப்பாய்க்குப் பிடித்த சாப்பாடு?" பொப்பாய் என்பது கார்ட்டூனில் கீரை தின்று பலம் பெறும் மாலுமி. அந்தப் பெண் மணியை முதலில் அடித்து, "கோழி!" என்றார். சொல்லிவிட்டு ஒரு ஆட்டமும் போட்டார், அதுதான் பார்க்கவே கூச்சமாக இருக்கும். அங்கே பொப்பாய்ஸ் என்ற பெயரில் பொரித்த கோழிக் கடைகள் இருக்கின்றன. அவருக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மற்ற அணி கீரை என்று சொல்லி வென்றது. பிறகு அந்தக் கோழிக் கடைக்காரர்களே 10,000 டொலர் பெறுமதியான சாப்பாடு தருவதாக அறிவித்தார்கள்.

என் ஸ்காபரோத் தம்பி இன்றுவரை அவர் பக்கம். "அண்ணை, பெயரைக் கேட்டால் எனக்கும் கோழிதான் ஞாபகம் வரும்," என்கிறான். ராக்கூன் சொன்ன ஆள் வேறு என்ன சொல்வான்.

பெரியவர்களோடு இருந்து பார்க்கலாமா?

ஸ்டீவ் ஹார்வியுடையதை வேண்டாம். பார்த்தே ஆகவேண்டும் என்றால் ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும். கேள்வியில் "கணவன்", "மனைவி", "படுக்கை" என்று ஏதாவது வந்தால் உடனே சத்தத்தைக் குறைத்துவிட்டு "தேத்தண்ணி வைக்கட்டா?" என்று கேளுங்கள். அம்மா ஆங்கிலம் விளங்காது என்று சொன்னாலும் நம்பாதீர்கள். என் அம்மா எனக்கு முதல் சிரித்தா.

பழையது சுத்தம் என்றும் நினைக்கவேண்டாம். ரிச்சர்ட் டோசன் போட்டிக்கு வரும் பெண்கள் எல்லோருக்கும் முத்தம் கொடுப்பார். கன்னத்திலும் கொடுப்பார், உதட்டிலும் கொடுப்பார். சிலர் கூசி நிற்பது படத்திலேயே தெரியும். எதிர்ப்பு வந்தபோது, கொடுக்கலாமா கூடாதா என்று கடிதம் எழுதும்படி பார்ப்பவர்களையே கேட்டார். கொடுக்கலாம் என்றுதான் பெரும்பாலானோர் எழுதினார்கள். நூறு பேர் சொன்னால் பிழையும் சரியாகிவிடும் நிகழ்ச்சிக்கு அது பொருத்தம்தான். போட்டிக்கு வந்த ஒரு பெண்ணையே அவர் பிறகு கலியாணமும் செய்தார். 1994இல் மறுபடி நடத்த வந்தபோது யாருக்கும் முத்தம் இல்லை. உன் அம்மாவைத் தவிர யாரையும் கொஞ்சுவதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம்.

வேறு நிகழ்ச்சிகளில் இப்படி இல்லையா?

நிறைய. 'த ப்ரைஸ் இஸ் ரைட்' 1972 முதல் இப்போதைய வடிவில் ஓடுகிறது. பொருளின் விலையை ஊகிக்கும் விளையாட்டு. 2015 ஏப்ரலில் காருக்கான விலையை ஒரு பெண் ஊகித்துக்கொண்டிருக்க, சரியான விலை அட்டையை எடுத்துக் காட்டும் மொடல் தவறுதலாக நேரத்துக்கு முன்பே அதைத் திறந்துவிட்டார். போனது போனதுதான், காரைக் கொடுத்துவிட்டார்கள். அந்த மொடல் பலகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அடுத்த மாதம் அதே நிகழ்ச்சியில் சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்ணுக்கு விழுந்த பரிசு, ஓடிப் பயிற்சி செய்யும் இயந்திரம். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். பார்த்தவர்களுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அழகிப் போட்டியில் பெயரை மாற்றிச் சொன்னவரும் ஸ்டீவ் ஹார்வி தானே?

ஓம், அவரேதான். 2015 மிஸ் யுனிவர்ஸ். பிலிப்பைன்ஸ் வென்றிருக்க, கொலம்பியா என்று அறிவித்துக் கிரீடமும் வைத்தாகிவிட்டது, பிறகு எல்லோர் முன்னாலும் கழற்றவேண்டி வந்தது. அது வேறு நிகழ்ச்சி, அதோடு விடுவோம்.

நூறு பேரை எங்கே பிடித்தீர்கள்?

பஸ் நிலையம், மீன் சந்தை, டச்சுக்குடாக் கடற்கரை, அப்புறம் மூதூர், கிண்ணியா பஸ்சுக்குக் காத்திருந்தவர்கள். மருமகன்மார் இரண்டு பேர் மூன்று நாள் திரிந்தார்கள். கொப்பியும் பேனையுமாக ஒருவர் பக்கத்தில் வந்தாலே இந்த ஊர் ஆக்கள் முதலில் கேட்பது "எந்த ஒபிஸ் தம்பி?" என்றுதான். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பெயர் எழுதமாட்டோம், விலாசம் எழுதமாட்டோம், இது விளையாட்டு என்று சொன்ன பிறகுதான் வாய் திறந்தார்கள். திறந்தபின் மூடவில்லை. ஒரு ஐயா எட்டுக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, ஒன்பதாவதையும் தானே சொல்லிக் கொடுத்தார்.

ஊரிலேயே கேட்டதில் ஒரு நன்மை இருந்தது. "சுடுதண்ணி என்றால் என்ன ஞாபகம் வரும்?" என்ற கேள்விக்கு தேத்தண்ணி, குளிப்பு, காய்ச்சல் எல்லாம் வந்தன. முதலாம் இடம் கன்னியா. பக்கத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகளை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வார்கள்? ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு. தாயின் கிரியைக்காக இராவணன் நிலத்தில் குத்தியதால் வந்தவை என்பது ஊர்க்கதை, அந்தியேட்டிக்கு இப்போதும் ஆக்கள் அங்கே போகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ஒழுங்கைக்குக் கலியாணம் செய்து வந்த தம்பி தேத்தண்ணி, காய்ச்சல், குளிப்பு என்று மூன்றையும் கண்டுபிடித்து, முதலாம் இடத்தைத் திறக்க முடியாமல் நின்றார். பின்னாலிருந்து அவருடைய மாமனார் "க... க..." என்று இருமினார். அவர் "கஞ்சி" என்றார்.

பலகை, மணி எல்லாம் வாங்கினீர்களா?

ஒன்றும் வாங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டைப் பெட்டி, பழைய கலண்டர் தாள், உடுப்புக் காயப்போடும் கிளிப். மணிக்கு எவர்சில்வர் தட்டும் அகப்பையும். புள்ளடிக்கு மருமகனின் ஃபோனில் ஒரு சத்தம். தாளைக் கிளிப்பால் மாட்டினால் காற்று வந்து தூக்கும், எங்கள் மேட்டில் பின்னேரம் கடற்காற்று சும்மா விடாது. இரண்டு பதில்களைக் காற்றே திறந்து காட்டிவிட்டது. கல்லு வையுங்கள்.

அன்று சண்டை வந்ததாமே?

சண்டை இல்லை. இரண்டு சங்கடங்கள்.

முதலாவது சின்னது. "வந்த விருந்தாளி எழும்பிப் போக என்ன செய்வீங்கள்?" பெரியம்மா தட்டைத் தட்டிவிட்டு, "ரெண்டாந்தரம் தேத்தண்ணி குடுக்கமாட்டன்," என்றா. சொன்ன பிறகுதான் எல்லோரும் பார்த்தோம். மட்டக்களப்பிலிருந்து வந்து நாலு நாளாகப் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்த ஐயா, வெறும் கோப்பையோடு முன்வரிசையில் இருந்தார். பெரியம்மா உடனே எழும்பிப் போய்க் கேத்திலோடு வந்தா. அவர் "வேண்டாம், வேண்டாம்" என்கிறார், இவ ஊற்றுகிறா. அன்றிரவே அவர் வெளிக்கிட்டிருப்பார், பஸ் இல்லை.

இரண்டாவதற்கு முழுக்கத் தப்பு என்னுடையது, கேள்வியை எழுதியது நான். "மனிசிக்குத் தெரியாமல் மனுசன் ஒளிக்கிறது என்ன?" முதலாம் இடத்தில் இருந்த பதில் "காசு." அடுத்தடுத்த இடங்களில் சிகரெட், ஃபோன். விளையாட வந்தவர் என் பெரிய மாமா, மேட்டுப் பக்க அணித் தலைவர். கண்ணை மூடி யோசித்தார். பெறாமகள் "மாமா, நேரம் போகுது, சொல்லுங்கோ" என்று அவசரப்படுத்தினாள். காசு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மாமா கணக்குவழக்கில் துப்புரவான மனிசன், எதையும் அரைகுறையாகச் சொல்லிப் பழக்கமில்லை.

"தம்பிக்குக் குடுத்த ஐம்பதாயிரம்," என்றார்.

பெறாமகள் நடத்துநர் என்ற முறையில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் ஏதோ புத்தியில்லாமல் தலையாட்டினேன். அவள் முதலாம் தாளைத் திறந்தாள். "காசு." மருமகன் சரியான பதிலுக்கான மணியை அடித்தான். மேட்டுப் பக்கம் எழும்பி நின்று கைதட்டியது. மாமியைத் தவிர. மாமி மாமாவைப் பார்க்கவில்லை. எதிர் அணியில், வாய்ப்பைப் பறிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்த சின்ன மாமாவைத்தான் பார்த்தா. அவர் கீழே கிடந்த ஒரு கிளிப்பைக் குனிந்து எடுத்தார், அதை எடுக்க அவருக்குக் கனநேரம் பிடித்தது.

அடுத்தது எப்போது?

நவராத்திரியில் கும்ப விழாவோடு வைக்கலாம் என்று பெடியன்கள் கேட்கிறார்கள். மாமி சம்மதம். கேள்விகளைத் தான் எழுதித் தருவதாகச் சொல்லி என்னிடம் கொப்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறா. சின்ன மாமா அந்தக் கிழமை கொழும்பில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார்.